அரண்மனைக்கும் அயல்கிரகத்துக்கும் ஒரே பட்டறை

சரித்திரப் படத்தையும் விஞ்ஞானப் படத்தையும் சேர்த்துவைத்து ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். செயலாளர் சொல்லைத் தட்ட எனக்கு மனமில்லை. வெளியே இருப்பவர்களுக்கு இவை எதிரெதிர்த் திசைகள். செட் போடுகிற நமக்கு அப்படியல்ல. சமூகப் படம் என்றால் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குள் போய் டேப் பிடித்து அளந்து வந்துவிடலாம். ராஜராஜனின் படுக்கையறையை யார் அளப்பது? வேற்றுக்கிரகத்து அடுக்களையை யார் பார்ப்பது? அங்கே கல்வெட்டும் சிற்பமும் கைகொடுக்கும். இங்கே இன்றைய இயந்திரமும் அது நாளை என்னவாகும் என்ற யோசனையும் கைகொடுக்கும். மற்றதெல்லாம் நம் யூகம். யூகம் பொய்யாகத் தெரியாமலிருக்க என்ன செய்கிறோம் என்பதில்தான் தொழிலின் தரம் இருக்கிறது.

நம் துறையின் வழிகளை உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜெமினியில் ‘சந்திரலேகா’ (1948) முரசு நடனத்துக்கு ஏ.கே. சேகர் தளம் அமைத்த ஸ்டுடியோ வழி ஒன்று. சென்னை ஓவியக் கல்லூரி தந்த பி. கிருஷ்ணமூர்த்தி, தோட்டா தரணி, சாபு சிரில் ஆகியோரின் வழி இன்னொன்று. இரண்டையும் வணங்குகிறேன். நான் வந்தது மூன்றாவது வழியில், நாடகக் கம்பெனி சீனரி வழியில். கம்பெனிக்குத் திரை எழுதிய கொண்டைய ராஜு கோவில்பட்டியில் தங்கி வளர்த்த மரபில் வந்த ஒருவரிடம்தான் என் ஆசான் தூரிகை கழுவக் கற்றார்.

ஆசானுக்குத் தூண் எழுப்புவது பாதி வேலைதான். மீதி வேலை மோல்டிங் காய்ந்து வண்ணம் ஏறிய பிறகு தொடங்கும். “இந்தத் தூணில் யார் சாய்வார்?” என்று கேட்பார். காவலன் சாய்வான் என்றால், அவன் தோள் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வந்தாக வேண்டும். விளக்கு மாடத்துக்கு மேலே புகைக்கரி, படியின் நடுவில் தேய்வு, கதவின் விளிம்பில் கை பட்ட மினுமினுப்பு. புதுத் துணி தேயிலைச் சாயத்தில் முங்கி எழாமல் ஃப்ளோருக்குள் வராது. பித்தளையைப் புளி போட்டு விளக்கி, திரும்பவும் கறுக்க விடுவார். ஒரு முறை பளபளத்துப் பிறகு மங்கிய பித்தளைதான் அரண்மனைப் பித்தளை என்பார். ஒரு படத்துக்கு ஆராய்ச்சிக்கூடம் போட்டபோதும் அதே கேள்விதான் வந்தது. “இந்தப் பலகையில் எந்த பட்டனை அதிகம் அழுத்துவார்கள்?” அந்த பட்டனைச் சுற்றி மட்டும் பெயின்டை உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் விஞ்ஞானியாக நடித்தவரின் விரல் தானாகவே அங்கே போனது.

உலகமெங்கும் இதே கதைதான். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்துக்கு உடை அமைத்த ஜான் மொல்லோ, படைச் சீருடைகளின் வரலாற்றை நூல்களாக எழுதியவர். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். பிறகு ‘காந்தி’ (1982) படத்துக்கு நம் பானு அதையாவோடு சேர்ந்து மறுபடி வாங்கினார். விண்வெளிப் படைவீரனுக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் ஒரே கை பொத்தான் வைத்திருக்கிறது. ‘2001’ என்ற விண்வெளிப் படத்தை எடுத்த ஸ்டான்லி குப்ரிக் 18ஆம் நூற்றாண்டுக் கதையான ‘பாரி லிண்டன்’ (1975) படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சி எடுத்தார். அதற்கு உதவியது, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. லென்ஸ். நிலவுக்காகப் பிறந்த கண்ணாடி பழைய காலத்தைப் பார்த்தது!

நம் ஊரிலும் குறைவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த ‘காடு’ (1952) படத்தில் யானைகளுக்கு ரோமம் போர்த்தி ஆதிகால மாமத்துகளாக நடக்கவிட்டார்கள். அது பழங்காலமா, விஞ்ஞானமா? ‘கலை அரசி’ (1963) படத்தில் வேற்றுலகத்தார் நம் பெண்ணைச் சங்கீதம் சொல்லித்தரத் தூக்கிப்போனார்கள். ‘எந்திரன்’ (2010) படத்துக்குத் தேசிய விருது பெற்ற சாபு சிரில்தான் பின்னர் ‘பாகுபலி’யின் மகிழ்மதியை எழுப்பினார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இனிச் சொல்வது எவரையும் மனத்தில் வைத்துச் சொல்வதல்ல. இன்று உழைப்பவர்களில் பலர் என் தம்பிகள். தயாரிப்பாளர் தரும் நாள்கணக்கும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை. சோழர் சபையில் நாயக்கர் காலத்து யாளித் தூண் நிற்கிறது. காரணம், அந்த ஃபைபர் மோல்டு ஏற்கெனவே கிடங்கில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக் கடைவீதியில் வற்றல் மிளகாய் குவிந்திருக்கிறது. போர்ச்சுக்கீசியர் கப்பலேறி வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகள் இருக்கும்போது அதை விற்றவன் யார்? போர்க்களத்திலிருந்து திரும்பும் வீரனின் வேட்டியில் இஸ்திரி மடிப்பு. எல்லாவற்றின் மேலும் தங்கப் பெயின்ட். எதிர்காலம் என்றால் நீல விளக்கு, கண்ணாடிச் சுவர், தேன்கூட்டு அறுகோணம். அதில் ஒருவரும் தேநீர் சிந்தியதில்லை, ஒரு குழந்தையும் கிறுக்கியதில்லை. எதுவும் தோன்றாவிட்டால் பச்சைத் துணியைக் கட்டிவிடுகிறார்கள், பின்னால் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று. அழுக்கைச் செய்யத் தெரிந்த கைகள் போய்விட்டன. அழுக்கு போனால் காலம் போய்விடும்; காலம் போனால் மனிதன் வாழ்ந்தான் என்பதற்கே திரையில் தடயம் இராது. இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய், இது ஏன் இப்படிப் பழசாக இருக்கிறது என்று கேட்பார்கள். நம் தொழிலுக்கு நேர்ந்த குறையாக மட்டும் இதை நான் நினைக்கவில்லை. ஓர் இனத்தின் கண்ணே கெடுகிறது.

நம் மூத்தவர்களின் வீட்டுப் பரண்களில் மையால் வரைந்த தள வரைபடங்களும் சுதை அச்சுகளும் இன்னும் கிடக்கின்றன. சங்கக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை ஒதுக்கி அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். தலைவர் அவர்கள் ஆதரிப்பார் என்று நம்புகிறேன். எந்தச் சாயத்துக்கு எவ்வளவு தேயிலை, எந்தக் கறைக்கு எவ்வளவு கரி என்று ஆசான் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் உள்ளன. அறை தயாரானதும் முதலில் அவற்றைத் தருகிறேன்.