யாரைப் பார்த்து?

ஒரு பாட்டைப் பலர் பாடும்போது எது மூலம், எது நகல் என்று தேடுவது பழக்கமாகிவிட்டது. முதலில் பாடியவர் உண்மையானவர். பின்னால் வந்தவர்கள் திருடர்கள். இந்த வாய்ப்பாடு எனக்குப் போதவில்லை. 'ஹவுண்ட் டாக்' என்ற ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டை வைத்து இதைச் சோதிக்கலாம்.

1952 ஆகஸ்டு 13-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் இதை முதலில் பதிவு செய்தவர் 'பிக் மாமா' தார்ன்டன், அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பாடகி. மறுவருஷம் வெளியான இசைத்தட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டில் ஒரு பெண் பேசுகிறாள். தன் தயவில் வயிறு வளர்க்க வந்த ஆணை வாசலிலேயே நிறுத்துகிறாள். வேட்டைநாய் என்பது வசை. எதிரில் நிற்பது மனிதன். தார்ன்டனின் குரல் கெஞ்சவில்லை, அழவுமில்லை. உறுமுகிறது. கிதார், பாஸ், டிரம், கைதட்டல். வேறு அலங்காரம் கிடையாது. நடுவில் கிதார் வாசிக்கும் பீட் லூயிஸை அவர் அதட்டி உசுப்புகிறார். இறுதியில் வாத்தியக்காரர்கள் நாய்களாகக் குரைக்கிறார்கள். கோபம் சிரிப்பாகிறது, ஆனால் தணிவதில்லை.

இதுதான் மூலம் என்று நிறுத்திக்கொள்ளலாமா? முடியாது. பாட்டை எழுதியவர்கள் ஜெர்ரி லைபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு யூத இளைஞர்கள். இருவருக்கும் அப்போது வயது 19. ஒத்திகையில் தார்ன்டன் பாடக் கேட்டு, அவருக்காகவே சில நிமிஷங்களில் எழுதினார்கள். கறுப்பினப் பெண்ணின் கோபமாக நாம் கேட்பது அவர்கள் கற்பனை செய்தது. பிறப்பை வைத்து உண்மையை நிர்ணயிக்கும் வாதம் இங்கேயே உடைகிறது. தார்ன்டன் செய்தது வேறு. அந்தச் சொற்களுக்கு எதிரே ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

1956-ல் லாஸ் வேகாஸில் ஃப்ரெடி பெல் குழுவினர் இதைச் சொற்களை மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அதைக் கேட்ட எல்விஸ் பிரெஸ்லி அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். அதில் ஆணும் இல்லை, வாசலும் இல்லை. முயல் பிடிக்கத் துப்பில்லாத ஒரு நாய் மட்டும். வசை அகராதி அர்த்தத்துக்குத் திரும்பிவிட்டது. ஜூலை 1-ம் தேதி ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸுக்கு விருந்துக்கோட்டு மாட்டி, உயிருள்ள ஒரு நாயின் முன்னால் நிறுத்திப் பாடவைத்தார்கள். இதைவிடக் கறாரான விமர்சனத்தை எந்த விமர்சகனும் எழுதியிருக்க முடியாது. மறுநாள் நியூயார்க்கில் 31 முறை பாடிப் பதிவு செய்தார். அதில் வேகம் இருக்கிறது, உடம்பின் திமிர் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. யார்மீது இந்தக் கோபம் என்று கேட்டால்தான் பதில் இல்லை.

அந்த இசைத்தட்டு 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார். அநியாயம்தான். ஆனால் கணக்கில் நடந்த அநியாயத்தையும் பாட்டுக்குள் நேர்ந்த இழப்பையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் எல்விஸ் பாட்டில் நாய் நாயாகவே இருந்திருக்கும்.

திரும்பப் பாடுவதே சிதைப்பது என்று இதற்கு அர்த்தமில்லை. 1965-ல் ஓடிஸ் ரெட்டிங் 'ரெஸ்பெக்ட்' பாட்டை எழுதிப் பாடினார். சம்பாதித்து வீடு திரும்பும் ஆண் தன் பெண்ணிடம் மரியாதை கேட்கிறான். 1967-ல் அரீதா ஃப்ராங்க்ளின் பாடியபோது கேட்பவள் பெண்ணானாள். ரெட்டிங்கிடம் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்கிறார், எதிரில் நிற்பவனுக்கு அந்த வார்த்தையே தெரியாது என்பதுபோல. இங்கும் பால் மாறியது, சொற்கள் மாறின. ஆனால் எதிரில் ஓர் ஆள் இருக்கிறான். பாட்டு சுருங்கவில்லை, வளர்ந்தது.

ஆகவே நான் கேட்பது யார் முதலில் பாடினார் என்பதையல்ல. யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பதைத்தான். சொற்கள் கைமாறும். எதிரில் நிற்கும் ஆளைப் பாடுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் கொண்டுவரவேண்டும்.