நகரும் மந்தையும் நகராத கூடாரமும்

கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ சுற்றுலா அழைக்கும் எந்த விளம்பரத்தை எடுத்தாலும் அதே படம்தான். மாரா ஆற்றின் செங்குத்தான கரையிலிருந்து வில்டபீஸ்ட் கூட்டம் தண்ணீரில் பாய்கிறது. நடுவில் வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. ஏறக்குறைய 13 லட்சம் வில்டபீஸ்ட், கூடவே 2 லட்சம் வரிக்குதிரை, லட்சக்கணக்கில் தாம்சன் மான் என்று ஆண்டு முழுக்கச் சுற்றிவரும் ஒரு பெரும்பயணத்தில் அந்தப் படம் காட்டுவது சில நிமிடங்களை மட்டும். இந்த மந்தைகளைப் பின்தொடர ஏற்றது கூடார சஃபாரி. அருமையான யோசனை. அந்தச் சில நிமிடங்களை விற்கும் வியாபாரம் அதைப் பெருமளவு கெடுத்துவிட்டது என்பது என் கட்சி.

மந்தையின் பயணத்துக்குத் தொடக்கப்புள்ளி என்று ஒன்று கிடையாது. மழை பெய்த இடத்தில் புல், புல் முளைத்த இடத்தில் மந்தை. ஜனவரி முதல் மார்ச் வரை தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியின் தெற்கே, என்டுடுவைச் சுற்றியுள்ள குட்டைப்புல் வெளியில் அவை கிடக்கும். ஓல் டோய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகள் காலங்காலமாகத் தூவிய சாம்பல் படிந்த மண் அது. கால்சியமும் பாஸ்பரசும் ஏறிய அந்தப் புல்தான் பால் சுரக்கும் தாய்களுக்கு வேண்டும். பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறந்துவிடும். சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் தீராதபடி எல்லாத் தாய்களும் ஒரே சமயத்தில் ஈனுவதுதான் இந்த இனத்தின் தற்காப்பு. புல் காய்ந்ததும் மே, ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே கோகாடெண்டே, அப்படியே எல்லை தாண்டி கென்யாவின் மாசாய் மாரா. நவம்பர் மழை இறங்கியதும் மறுபடி தெற்கு. எழுதிப் பார்த்தால் ரயில் அட்டவணை போலத் தெரியும். ஒரு மழை வேறு பக்கம் பெய்துவிட்டால் அத்தனையும் மாறிப்போகும்.

செங்கல் வைத்துக் கட்டிய விடுதிக்கு இது பெரிய தலைவலி. மந்தை நகர்ந்துவிட்டால் விருந்தினரை விடியற்காலையில் எழுப்பி வண்டியில் மணிக்கணக்கில் குலுக்கிக்கொண்டு போக வேண்டும். கூடாரத்துக்கு அந்தக் கவலை இல்லை. செரெங்கெட்டியில் தேசியப் பூங்கா நிர்வாகம் 'சிறப்பு முகாம் தளம்' என்று ஒதுக்கும் இடங்கள் பெயருக்குத்தான் சிறப்பு. போய்ப் பார்த்தால் வேலமரங்களுக்கு நடுவே ஒரு வெற்றுத்தரை. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, வேலி இல்லை. தண்ணீர், விறகு, அரிசி, மெத்தை எல்லாம் லாரியில் வரும். குப்பை முழுவதும் அதே லாரியில் திரும்பிப் போக வேண்டும். பயணிகள் மாலையில் வந்து சேர்வதற்குள் சமையல்காரரும் உதவியாட்களும் கூடாரங்களை நிறுத்தியிருப்பார்கள். குளியல் என்பது மரக்கிளையில் தொங்கும் கான்வாஸ் பை ஒன்று. கரியடுப்பில் காய்ச்சிய வெந்நீரை அதில் ஊற்றி, கீழே நின்று கயிற்றை இழுத்தால் ஒரு வாளி தண்ணீர் கொட்டும். சோப்பு போடும்போது நிறுத்தி வைக்காவிட்டால் நுரையோடுதான் வெளியே வர வேண்டும். சமையல்காரர் தகரப் பெட்டிக்குக் கீழும் மூடிமேலும் தணலைப் பரப்பி ரொட்டி சுட்டு எடுப்பார். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடாரத்திலிருந்து படுக்கைக்குத் தனியாக நடக்க விடமாட்டார்கள். டார்ச்சோடு ஆள் துணைக்கு வரும். கித்தானுக்கு அந்தப் பக்கம் கழுதைப்புலி ஊளையிடும்போது மனிதன் இந்த நிலத்தில் எந்த இடத்தில் இருக்கிறான் என்பது ஒழுங்காக விளங்கிவிடும். எந்த விடுதியும் தராத படிப்பு இது.

வழிகாட்டியின் மதிப்பும் இங்கேதான் கூடுகிறது. பாறுக் கழுகுகள் எந்த உயரத்தில் வட்டமிடுகின்றன, ஒட்டகச்சிவிங்கி எந்தத் திசையை வெறித்துப் பார்க்கிறது என்பதை வைத்தே சிங்கம் எங்கே என்று சொல்லும் டிரைவர்கள் உண்டு. ஒரு சிறு குழுவுக்கு வழிகாட்டி, சமையல்காரர், லாரி ஓட்டுநர், கூடாரம் அடிப்பவர் என்று பல பேருக்கு வேலை. விமானத்தில் பறந்துவந்து ஆடம்பர விடுதியில் இறங்கி விமானத்திலேயே திரும்புகிறவரின் காசை விட இந்தக் காசு உள்ளூரில் பல கைகளுக்குப் போகும்.

இனி மறுபக்கம். 'நகரும் முகாம்' என்று விற்கப்படுபவற்றில் எத்தனை உண்மையில் நகர்கின்றன? பல முகாம்கள் ஆண்டுக்கு இரண்டு இடங்களில்தான் நிற்கின்றன: டிசம்பர் முதல் மார்ச் வரை என்டுடு, ஜூன் முதல் அக்டோபர் வரை கோகாடெண்டே. மாதக்கணக்கில் ஒரே தரையில் நிற்கும்போது மரத்தளம் வருகிறது, இரும்புக் கட்டில் வருகிறது, தண்ணீர் இழுக்கும் கழிப்பறை, ஒயின் அலமாரி, செல்போன் சார்ஜ் செய்ய மின்சாரம். கித்தான் சுவர் மட்டும் பாக்கி. விருந்தினர் கேட்பதால்தான் கொடுக்கிறோம் என்பார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் அவ்வளவு பாரத்தை ஏற்றிய முகாமால் மந்தை திசை மாறிய வாரத்தில் கிளம்பிப் பின்னால் போக முடியாது. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வண்டியைத்தான் தூரம் அனுப்பும். விடுதியிடம் கண்ட அதே குறை வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது. காட்டில் கூடாரம் என்றால் தானாகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நம்புகிறவர்கள், அந்தத் தளத்தில் எத்தனை நாள் நிற்கிறீர்கள், கழிவு எப்படி வெளியே போகிறது என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஆற்றங்கரையில்தான் நடக்கிறது. மந்தை கரைக்கு வந்து நிற்கும். புழுதி எழும். முன்னால் நிற்பவை தண்ணீரை மோந்து பின்வாங்கும். வரிக்குதிரைகள் இறங்கிக் குடித்துவிட்டு ஏறிவிடும். இப்படி ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், சில சமயம் பொழுது சாயும் வரை. பிறகு கடக்காமலே திரும்பியும் போய்விடும். தூரத்துப் புதர்களுக்குப் பின்னால் லேண்ட் குரூசர்கள் காத்திருக்க வேண்டும் என்பது கண்ணியமான முறை. ஆனால் முதல் விலங்கு தண்ணீரில் கால் வைத்ததும் ரேடியோவில் ஸ்வாஹிலி பறக்கும், இஞ்சின்கள் உறுமும், எல்லா வண்டியும் ஒரே கரையை நோக்கிப் பாயும். கரையோரத்தில் வண்டிகள் வரிசையாக அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் ஏறுவதற்கு இருந்த சரிவு மறைந்துபோகிறது. கூட்டம் கலைகிறது, அல்லது செங்குத்தான இடத்தில் குதிக்கிறது. 2025 ஜூலையில் கோகாடெண்டேயில் பயணிகள் வண்டியை விட்டு இறங்கி, கரையில் நெருக்கியடித்து நின்று மந்தையின் வழியையே மறித்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. கண்டனம் எழுந்தது, நிர்வாகம் நடவடிக்கை என்றது. அந்தப் பயணிகளைத் திட்டுவது சுலபம். அந்தக் காட்சிக்காகத்தான் அவர்களிடம் முன்பணம் வாங்கப்பட்டது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

இதில் வழிகாட்டியின் நிலையையும் பார்க்க வேண்டும். அவருடைய வருமானத்தில் டிப்ஸ் பெரிய பங்கு. விருந்தினர் ஆற்றுக் கடப்பைப் பார்க்காமல் திரும்பினால் முகம் வாடும், உறை மெலியும். ஐந்து வண்டிக்கு மேல் ஒரு விலங்கைச் சூழக்கூடாது என்ற விதி அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த விதியைக் காப்பாற்றும் ஆறாவது வண்டிக்காரர்தான் நஷ்டப்படுகிறவர். இப்படி ஊதியம் அமைத்துவிட்டு ஒழுக்கத்தைப் பற்றி அறிவிப்புப் பலகை வைப்பதால் என்ன பயன்? விளைவு கற்பனையும் அல்ல. மாசாய் மாராவில் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, சுற்றுலா வண்டிகள் அதிகம் மொய்க்கும் பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிதான் தாயை விட்டுப் பிரியும் வயது வரை பிழைக்கிறது, வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3 குட்டிகள் என்று கண்டது. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தை 2024 முதல் ஆண்டின் முதல் பாதியில் நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர் என்று மாற்றினார்கள். கூட்டத்தை விலையால் குறைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் 200 டாலர் கொடுத்தவர் இன்னும் பிடிவாதமாகத்தான் அந்தக் காட்சியைக் கேட்பார்.

சாவைப் பார்க்கப் போகிறார்கள் என்று இந்தப் பயணிகளைப் பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் சாகின்றன என்று 2017-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது; ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட உடல்கள். பாறுகளும் மராபு நாரைகளும் முதலைகளும் போக, மீதி சதை மீன்களுக்கு; எலும்பு கரைய ஏழு ஆண்டு ஆகிறது, அதுவரை பாஸ்பரஸ் கசிந்து ஆற்றை வளர்க்கிறது. கரையில் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்கினால் இந்த இரண்டாம் பாகத்தையும் பார்க்கலாம். பாய்ச்சல் முடிந்த மறுநிமிடம் வண்டியைத் திருப்பும் பயணத் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

கூடாரத்தின் முன் நெருப்பு மூட்டி உட்கார்ந்ததும் சிலர், மனிதக் கை படாத இயற்கை என்று பெருமூச்சு விடுவார்கள். மனிதக் கை பட்டதால்தான் இத்தனை மந்தை இருக்கிறது. 1890-களில் கால்நடைகளோடு வந்த வெக்கை நோய் மாசாய் மக்களின் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. பஞ்சத்தில் மனிதர்களும் மடிந்தார்கள். வில்டபீஸ்டையும் அந்த நோய் விடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அவை சுமார் இரண்டரை லட்சம்தான். சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோய் ஒழிந்த பிறகே 1970-களில் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. மேய்ப்பவனின் மாட்டுக்குப் போட்ட ஊசியில் வளர்ந்தது இந்த அதிசயம். அந்த மேய்ப்பவனைத்தான் வெளியே அனுப்பினார்கள். ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கின் ஆவணப்படம் செரெங்கெட்டியை உலகுக்கு அறிமுகப்படுத்திய அதே 1959-ல், மாசாய் மக்கள் செரெங்கெட்டிக்கு வெளியே அனுப்பப்பட்டு, பக்கத்து ங்கோரோங்கோரோவில் மேய்ச்சலோடு வாழலாம் என்ற உறுதியைப் பெற்றார்கள். 2022 முதல் அங்கிருந்தும் தொலைவிலுள்ள மசோமெராவுக்கு மாற்றப்படுகிறார்கள். விருப்பத்தோடு போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளியும் மருத்துவமும் குறைக்கப்பட்டு விரட்டப்படுகிறோம் என்கிறார்கள் அவர்களில் பலர். அதே 2022 ஜூனில் செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை வனவிலங்குகளுக்கென்று பிரித்து எல்லைக்கல் நடப்போனபோது காவல்துறையோடு மோதல் வெடித்தது. வெந்நீர்ப் பை தொங்கவிட அனுமதியுள்ள பூங்காவுக்குள் மாடு ஓட்டிவர அனுமதியில்லை. முகாமில் சிவப்புப் போர்வையோடு இரவுக்காவல் நிற்கும் மாசாய் இளைஞரைப் படமெடுக்கிறவர்களுக்கு இதை யாராவது சொன்னால் நல்லது.

கென்யப் பக்கம் வேறு வழி ஒன்றை முயன்றிருக்கிறார்கள். மாரா நபோய்ஷோ போன்ற சமூகக் காப்பகங்களில் மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்குகின்றன. கூடாரங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, மாடுகளுக்கு முறை வைத்த மேய்ச்சல். குறை இல்லாமல் இல்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். 2020-ல் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது குத்தகைப் பணமும் தடுமாறியது. ஆனாலும் மாற்று என்ன என்பதை மாராவுக்கு வடகிழக்கே உள்ள லோய்ட்டா சமவெளி காட்டுகிறது. கம்பிவேலியும் விவசாயமும் பெருகி, அங்கே வந்துபோன தனி வில்டபீஸ்ட் கூட்டத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. வேலி போடாமல் நிலத்தைத் திறந்து வைக்க ஒரு குடும்பத்துக்குக் காரணம் வேண்டும். இன்றைக்கு அந்தக் காரணத்தை மாதாமாதம் கொடுப்பது சுற்றுலாதான். கூடார சஃபாரிக்கு ஆதரவாக நான் வைக்கும் வலுவான வாதம் இதுவே. நெருப்பும் நட்சத்திரமும் அதற்குப் பிறகு.

ஆகவே போகிறவர் போகட்டும். ஆனால் முதல் நாளே வழிகாட்டியிடம், ஆற்றுக் கடப்பு கிடைக்காவிட்டாலும் டிப்ஸ் குறையாது என்று சொல்லிவிட வேண்டும். அவர் தோளிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடும். மூன்று ஊரில் ஊருக்கொரு இரவு என்ற திட்டத்தை விட ஒரே தளத்தில் நான்கு இரவு மேல். ஆகஸ்டை விட பிப்ரவரி நல்லது என்றும் சொல்வேன். ஈன்ற சில நிமிடத்தில் தள்ளாடி எழுந்து தாயின் பின்னால் ஓடும் கன்றுக்கு எந்த முதலையும் ஈடில்லை. பிப்ரவரிக்கும் இப்போது கூட்டம் சேர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்டுடுவின் ஒரு பகுதி ங்கோரோங்கோரோ எல்லைக்குள் வருவதால் அங்கே தடத்தை விட்டு இறங்கிப் புல்வெளியில் ஓட்டும் வழக்கம் உண்டு. வேட்டைக்குப் பதுங்கும் சிவிங்கிப்புலியைச் சுற்றி வண்டிகள் வளையம் போடுவதை அந்தச் சலுகை இன்னும் எளிதாக்குகிறது. கட்டணம் ஏற்றுவதற்கு முன்னால் நிர்வாகம் கைவைக்க வேண்டிய இடம் அது.