பேய்க்கதையும் கல்லெழுத்தும்

கல்கத்தாவின் பார்க் வீதிக்கு ஒருகாலத்தில் இடுகாட்டுச் சாலை என்றே பெயர். அவ்வீதியின் தென்புறத்தில் 1767-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் திறந்த கல்லறைத் தோட்டம் இன்றும் மதிலுக்குள் நிற்கின்றது. அதனைக் காணச் செல்லுமுன் நாம் படித்த குறிப்புகளில் பெரும்பாலானவை பேயைப் பற்றியே பேசின. ஒரு குடும்பத்துக் கல்லறையில் இரத்தம் கசியுமாம். நிழற்படத்தில் வெள்ளுருவம் விழுமாம். போய் வந்தவர் நோயுற்றனராம். அங்கே அடங்கியிருப்போர் யாவர் என்பதைச் சொல்ல அவற்றுள் பலவற்றுக்கு இடமே இல்லை. இக்குறையைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

உள்ளே நுழைந்ததும் அச்சம் தோன்றாமலில்லை. வானளாவும் ஊசித்தூண்கள், பிரமிடுகள், பாசி படிந்த மாடங்கள், பகலிலும் வெயில் இறங்காத மரச்செறிவு. ஆனால் சற்று நின்று பார்த்தால் குவிமாடங்கள் பல நமக்குப் பழகிய சாயலாகவே தெரிகின்றன. முகலாயர் கால அடக்கத்தலங்களைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் அவ்வடிவைத் தம் கல்லறைகளுக்கும் எடுத்துக்கொண்டனர். 1828-இல் இறந்த சார்லஸ் ஸ்டூவர்ட் என்னும் படைத்தலைவரின் கல்லறையோ இந்துக் கோயிலின் அமைப்பில் உள்ளது. இரத்தம் கசிவதாகச் சொல்லப்படுவதைப் பொறுத்தவரை, காரை பெயர்ந்த செங்கற் சுவர் வங்காளத்து மழையில் ஊறிச் சிவப்பாய் வழிவதற்கு ஆவியின் துணை வேண்டுமா என்பதே நம் ஐயம்.

உண்மையில் நெஞ்சை நடுக்குவது கல்லில் வெட்டப்பட்ட வயது. ரோஸ் அய்ல்மர் என்னும் நங்கை 1800-இல் இறந்தபோது அவளுக்கு வயது 20. இந்துக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து ஒரு தலைமுறையையே சிந்திக்கத் தூண்டிய கவிஞர் டெரோசியோ 1831-இல் வாந்திபேதியால் மறைந்தபோது 22. பிள்ளைப்பேற்றில் போன தாய்மார், பேர் சொல்லிப் பழகுமுன்னே போன மழலைகள். கப்பலேறி வந்தவனின் ஆயுள் இரண்டு மழைக்காலம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்களாம். ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே நடந்தால், இரண்டாம் வரிசை முடிவதற்குள் பேயின் நினைவு நம்மை விட்டுப் போய்விடுகின்றது. ஆட்சி செய்ய வந்தவர் அல்லவா என்ற கோபமும் அந்தப் பிஞ்சுக் கல்லறைகளின் முன் தயங்கி நிற்கின்றது.

உயர்ந்த ஊசித்தூண் ஒன்றின் கீழ் சர் வில்லியம் ஜோன்ஸ் கிடக்கின்றார். 1794-இல், 47-ஆம் வயதில் இறந்தவர். பாரசீக இலக்கணம் எழுதியவர். அரபு நாட்டின் பழம்பாடல்களான முஅல்லகாத்தை ஆங்கிலத்தில் தந்தவர். நம் குடும்பங்களோடு இவருக்கு ஓர் உறவுண்டு. வாரிசுரிமை பற்றிய அரபு நூலான ஸிராஜிய்யாவை 1792-இல் இவர் ஆங்கிலமாக்கினார். கம்பெனி நீதிமன்றங்கள் நம்மவரின் பாகப்பிரிவினையைத் தீர்க்க இத்தகைய மொழிபெயர்ப்புகளை எதிர்பார்த்திருந்த காலம் அது. மார்க்கச் சட்டம் அந்நியர் கைப்பட்டு எவ்வாறு உருமாறியது என்பதை ஆராய விழைவோர் இக்கல்லறையின் முன் நெடுநேரம் நிற்கலாம்.

சத்யஜித் ராய் 1977-இல் எழுதிய துப்பறியும் நவீனம் இத்தோட்டத்தையே களமாகக் கொண்டது. ‘கோரஸ்தானில் எச்சரிக்கை’ என்பது அதன் தலைப்பின் பொருள். கோரஸ்தான் என்பது நம் கபுறுஸ்தானின் உடன்பிறந்த சொல். புயலும் இருளும் காட்டி வாசகரை அஞ்சவைக்கும் ராய், இறுதியில் ஆவியைக் கொண்டுவரவில்லை. மாண்டவனோடு புதைந்த பழங்கடிகாரத்துக்காகக் கல்லறையைத் தோண்டும் உயிருள்ள மனிதனின் பேராசையே அங்குக் குற்றவாளி. மிகுதியாக நடுங்குபவர் யாரெனில், பரபரப்பு நாவல்கள் எழுதிப் பேரெடுத்த லால்மோகன் பாபு! பேய்க்கதை வணிகத்தின் மீது இதைவிட இனிய கேலி உண்டோ? ஆயினும் ஒரு குறை சொல்வோம். இக்கதையில் மரித்தோர் புதிருக்குக் கருவியாகின்றனரேயன்றி, அவர்களுக்காக எவரும் ஒரு கணம் துயருறுவதாக நம் மனத்தில் பதியவில்லை. 2010-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு இங்கு வருவோர் பலர் எச்சரிக்கையை மறந்து கோரஸ்தானை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர்.

கபுறுகளைக் காணச் செல்வதை முதலில் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மறுமையை நினைவூட்டும் என்பதற்காகவே பின்னர் அதனை அனுமதித்தார்கள். ஒரு யூதரின் மய்யித்து கடந்து சென்றபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டவர்களும் அவர்களே. பிற சமயத்தார் துயிலும் அத்தோட்டத்தில் நாம் செருப்பொலியை அடக்கி நடந்தமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதனை எழுதுகையில் நம் ஊர் மையவாடிகள் கண்முன் வருகின்றன. மஃக்ரிபுக்குப் பின் அந்தப் பக்கம் போகாதே, ஜின் பிடிக்கும் என்று பிள்ளைகளை நாமே மிரட்டி வளர்க்கின்றோம். வளர்ந்தபின் அவன் ஜியாரத்துக்கு வரவில்லையே என்று வருந்துகின்றோம். கபுறில் ஆடம்பரம் கூடாது என்பது சரியே. ஆனால் எழுத்தில்லா மீசான் கல்லுக்குக் கீழே இருப்பவர் இன்னார் என்று பேரனுக்குச் சொல்லிவைப்பதை எவரும் தடுக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பாட்டனார் பெயரையும் அவர் செய்த தொழிலையும் மவுத்தான ஆண்டையும் சொல்லிக் கொடுங்கள்.