முன்பிடியை இழுக்கும் கை

கடத்தூர் பக்கம் மரவள்ளியும் கரும்பும் வைத்திருப்பவர் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால், அது பெரும்பாலும் 12 போர் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான். மடக்கித் திறந்தால் குழல் காலியா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அந்த வெளிப்படைத்தன்மைக்கு ஈடு இல்லை.

பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியின் அழகு வேறு. முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்தது ஏறும். வேலை செய்வது கையின் பலம் என்பதால், தோட்டா வெடிக்காமல் போனாலும் இன்னொரு இழுப்பில் அது வெளியேறிவிடும். 1950இல் வந்த ரெமிங்டன் 870 இன்றும் மதிக்கப்படுவது இந்த எளிமைக்காகத்தான். அதன் சேஃப்டி பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்காக இருக்கும். மாஸ்பர்க் 500இல் மேலே, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில். இடக்கைக்காரருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

ஆனால் பம்ப்பில் ஒரு மறைவு உண்டு. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே தனிக்குழாயில் வரிசையாகக் கிடக்கும். மேலே காலியாகத் தெரிந்தாலும் கீழே மிச்சம் இருக்கலாம். அரைகுறையாக இழுத்தால் சிக்கவும் செய்யும். முழு இழுப்பு பழகாத கைக்கு இரட்டைக்குழலே நல்லது.

எதை வாங்கினாலும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த உரிமம் பயிரை மேய வரும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கான அனுமதி அல்ல. அதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தனி. தோட்டாவையும் துப்பாக்கியையும் வேறுவேறு பூட்டுக்குள் வையுங்கள். சாவி பிள்ளைகள் கையில் சிக்கக்கூடாது.