பூதம் சொன்ன குற்றம்

காவிரியில் நீராடிவிட்டுத் திரும்புகிறாள் மருதி. எதிர்ப்படுகிறான், பூம்புகாரைக் காக்கும் மன்னன் ககந்தனின் இளைய மகன். தகாத நோக்கோடு அழைக்கிறான். அவள் நடுங்குகிறாள். அவனை ஏசவில்லை, தன்னைத்தானே ஏசிக்கொள்கிறாள். கற்புடையாள் பிறன் நெஞ்சிலே புகமாட்டாள் என்பார்களே, நான் புகுந்துவிட்டேனே, என் பிழை யாது என்று கலங்குகிறாள். வீட்டுக்குள் நுழையவும் மனம் துணியவில்லை. நாற்சந்தியிலே நிற்கும் சதுக்கப்பூதத்திடம் சென்று முறையிடுகிறாள்.

மணிமேகலையின் சிறைசெய் காதையில் சாத்தனார் சொல்லும் கிளைக்கதை இது. பூதம் என்ன விடை கூறிற்று? இளவரசனைத் தண்டிக்க அரசனுக்கு ஏழு நாள் தவணை. அவன் முறை வழுவினால் அதன் பின்னரே என் முறை என்றது. நன்று! ஆனால், அத்தோடு நின்றதா? இல்லை. விடுகதையும் கதையும் பிறர் வாயால் கேட்டாய், முழவு கொட்டும் விழாவை விரும்பினாய், தெய்வங்களைத் தொழுதாய், அதனால்தான் உன் ஏவலுக்கு மழை பெய்யவில்லை என்று, அவளுடைய குற்றத்தையும் எடுத்து இயம்பிற்று!

ககந்தன் மகனென்றும் பாராமல் வாளை எடுத்தான். அந்த நீதியைப் போற்றுவோம். ஆனால் பூதத்தின் வாய்ச்சொல்லை எப்படிப் போற்றுவது? கெடுக்க வந்தவன் ஆற்றங்கரையில் நிற்கிறான். குற்றப் பட்டியலோ குளிக்கப் போனவளுக்கு வாசிக்கப்படுகிறது. அகலிகையைக் கல்லாக்கிய கதையை நாம் மேடைதோறும் கிழித்தெறிந்தோம். அது வடவர் கதை என்பதற்காகவா கிழித்தோம்? அது அநீதி என்பதற்காக! அப்படியானால், நம் மொழியின் ஒப்பற்ற காப்பியத்திலே அதே அநீதியின் நிழல் விழுந்திருக்கும்போது, அங்கே மட்டும் கண்ணை மூடிக்கொள்வது பகுத்தறிவாகுமா?

இன்னுமொன்று. பூதத்தின் குரல் நான்கு காதம் கேட்கும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது, மருதி அழுதது ஒரு பூதத்திடமல்ல, ஓர் ஊரிடம். அதே சிறைசெய் காதையில் விசாகை என்றொரு வணிகர் மகள். ஊரார் அவள்மீது பழி தூற்றினர். அவள் பழியற்றவள் என்று பூதமே ஊரறிய உரைத்தது. அதன் பின்னும் அவள் கன்னிமாடம் புகுந்தாள். குற்றமற்றவள் என்ற தீர்ப்பைப் பெற்ற பிறகும் ஒதுங்கி வாழ வேண்டியிருந்தது! வாழ்வைத் திருப்பித் தர வல்ல பூதம் அந்த நாற்சந்தியில் இல்லை.

பழங்கதை பேசுவானேன் என்று கேட்கத் தோன்றும். பழையதாகப் போயிருந்தால் பேச வேண்டியதில்லை, தோழர்களே! பூதம் இடம் மாறியிருக்கிறது. நாற்சந்தியிலிருந்து காவல் நிலையத்துக் கணினிக்குள் குடியேறியிருக்கிறது.

2024 டிசம்பர் 23. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அஞ்சி ஒடுங்காமல் மறுநாள் புகார் அளித்தார். துணிவுக்குக் கிடைத்த பரிசென்ன? அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை ஊரெங்கும் உலவிற்று! கணினிக் கோளாறு என்றார்கள். டிசம்பர் 28 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர், அடையாளம் வெளியானதற்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க அரசுக்கு ஆணையிட்டனர். மூன்று பெண் காவல் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தனர். வெளியானது மட்டுமா குற்றம்? அறிக்கையின் நடையே பாதிக்கப்பட்டவர்மீது பழி சுமத்துவதாக இருக்கிறது என்று மன்றம் கண்டித்தது. இலக்கியம் படிப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஓர் எழுத்தரின் வாக்கியத்துக்குள்ளும் பூதம் உட்கார்ந்திருக்கும்! பெண் இரவில் நடப்பதும், நண்பனோடு பேசியிருப்பதும் அவளுடைய உரிமை என்று நீதிபதிகள் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையில் நாம் இருந்தோம்.

இது முதல் தடவையுமன்று. 2019இல் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தபோதும் இதுவே நடந்தது. புகார் கொடுத்தார் என்பதற்காக அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். பின்னர் காவல் அதிகாரியின் வாயாலும் அரசாணையின் வரியாலும் அவருடைய அடையாளம் அம்பலமாயிற்று. அன்றும் மதுரைக் கிளை விதித்த இழப்பீடு அதே 25 லட்சம்! 2019இல் ஆண்டது ஒரு கழகம். 2024இல் ஆண்டது மற்றொரு கழகம். ஆட்சி மாறியது, அம்பலப்படுத்தும் பழக்கம் மாறவில்லை. நம்மவர் ஆட்சியில் நடந்தது என்பதற்காக நா அடங்கினால், நாம் கட்சிக்காரராக இருக்கலாம். பகுத்தறிவாளராக இருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2023 மார்ச்சில் சென்னை கலாசேத்திராவில் மாணவியர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அதற்கு முன்னரே, விசாரித்தோம், புகாரில் உண்மை இல்லை என்று நிறுவனம் அறிவித்திருந்தது. மாணவியர் முற்றத்தில் அமர்ந்த பின்னரே, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் வேறொரு விசாரணைக் குழு அமைந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காக்க வேண்டிய பெயரைக் காவல் நிலையம் கடைத்தெருவில் போடுகிறது. சொல்ல வேண்டிய உண்மையை நிறுவனம் பெட்டியில் பூட்டுகிறது. இரண்டுக்கும் 'நிர்வாகம்' என்றே பெயர்! மறைகாப்பு வேறு, மூடிமறைப்பு வேறு. பாதிக்கப்பட்டவரின் விருப்பப்படி, அவருக்காகக் காக்கப்படுவது மறைகாப்பு. நிறுவனத்தின் நற்பெயருக்காக, அவருடைய வாயைப் பொத்துவது மூடிமறைப்பு. அந்த இரகசியம் யாருடைய உடைமை? அவருடையது. கல்லூரித் தலைவருடையதன்று, காவலருடையதன்று, ஊராருடையதுமன்று.

விந்தை என்னவென்றால், சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே அறிந்திருக்கிறது. இராசத்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதன் தொடர்ச்சியாக உச்சநீதிமன்றம் 1997இல் வழங்கிய தீர்ப்புக்கு, வழக்குத் தொடுத்த அமைப்பின் பெயரால், விசாகா தீர்ப்பு என்றே பெயர். கன்னிமாடத்துக்குள் ஒளிந்த அதே பெயர், நீதிமன்றத்தின் வாசலில் நிமிர்ந்து நின்றது! அதன் வழியே 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 16ஆம் பிரிவு, பெயரையும் முகவரியையும் புகாரின் உள்ளடக்கத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. அடையாளத்தை மறைத்து, கிடைத்த நீதியைப் பற்றி மக்களுக்குச் சொல்லலாம் என்றும் கூறுகிறது. 22ஆம் பிரிவு, எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்ற கணக்கை ஆண்டறிக்கையில் காட்டச் சொல்கிறது. எண்ணிக்கையை ஊருக்குச் சொல். பெயரை நெஞ்சில் வை. இதுதான் சட்டத்தின் சாரம். நடப்பதோ தலைகீழ்!

கல்லூரிகளுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு விதிகளை வகுத்தது. 2016 மே மாதம் அவை நடைமுறைக்கு வந்தன. உள்ளகப் புகார்க் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகாரென்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். துணைவேந்தர் போன்ற நிர்வாகத் தலைவர்கள் இருக்கக் கூடாது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் அந்த மாணவியின் தாளைத் திருத்துவதைத் தடுக்கலாம்; மாணவிக்கு மூன்று மாதம்வரை விடுப்பு வழங்கலாம். ஆண் மாணவரும் திருநரும் இலக்காகலாம் என்பதையும் அவ்விதிகள் ஒப்புக்கொள்கின்றன.

இப்போது வண்டலூர்–வாலாசாபாத் சாலைக்கு வருவோம். அச்சாலையிலே படப்பை. மேற்கே சென்றால் ஒரகடம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர். காரும் பாரவண்டியும் டயரும் கைப்பேசியும் பிறக்கும் பூமி. விடுதிகளிலிருந்து ஆலைப் பேருந்துகளில் பெண் தொழிலாளர் செல்கிறார்கள். பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் பாலிடெக்னிக்குகளிலிருந்தும் மாணவியர் 'இன்டர்ன்ஷிப்' என்னும் தொழிற்பயிற்சிக்குச் செல்கிறார்கள். ஆலையில் மேற்பார்வையாளர் வரம்பு மீறினால் அந்த மாணவி எங்கே போவாள்? 'நீ எங்கள் தொழிலாளி அல்ல' என்று ஆலை சொல்லலாம். 'அது எங்கள் வளாகமல்ல' என்று கல்லூரி சொல்லலாம். இரண்டும் பொய். பயிற்சியாளரையும் அப்ரண்டிசையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி என்றே கொள்கிறது. தொழிற்பயிற்சி நடக்கும் இடத்தையும், கல்லூரிப் பேருந்தையும் வளாகத்தின் நீட்சி என்றே மானியக் குழுவின் விதிகள் கொள்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் சிறு பட்டறையென்றால், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். இரண்டு கதவுகள் அவளுக்குத் திறந்திருக்கின்றன. இதை அவளுக்குச் சொன்னவர் யார்?

இங்கேதான் நான் வற்புறுத்தும் புதிய பயிற்சி பிறக்கிறது. எந்திரத்தைப் பழகத் தொழிற்பயிற்சி உண்டு. அதற்கு மதிப்பெண் உண்டு. மனிதருக்குத் துணைநிற்கப் பழக ஒரு பயிற்சி ஏன் கூடாது? வன்கொடுமையைத் தடுக்கவும், ஆளானவருக்கு மறைகாப்போடு துணைநிற்கவும், கல்லூரிதோறும் மாணவர்க்குப் பயிற்சியளித்து, அதையும் பாடத்தின் பகுதியாக மதிப்பிடலாம்.

அப்பயிற்சியில் கற்க வேண்டிய முதற்பாடம், பூதமாகாதிருப்பது! 'ஏன் அங்கே போனாய்?' என்று கேளாமல் கேட்டுக்கொண்டிருப்பது. இரண்டாவது, வழிகளைச் சொல்வது: உள்ளகக் குழு, 181 உதவி எண், ஒருங்கிணைந்த சேவை மையம், எந்தக் காவல் நிலையத்திலும் பதியக்கூடிய புகார், எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாத இலவச முதற்சிகிச்சை. மூன்றாவது, முடிவை அவரிடமே விடுவது. கூட நடப்பது, முன்னே இழுக்காதிருப்பது. நான்காவது, எல்லையை மறைக்காதிருப்பது. 18 வயது நிரம்பாதவர் என்றால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவலருக்குத் தெரிவித்தே தீர வேண்டும். முதலாண்டு மாணவியருள் 17 வயதினரும் உண்டு. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று முதலில் வாக்களித்து, பிறகு மீறுவது இரண்டாவது துரோகம். எதைக் காக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேச்சு தொடங்குமுன் சொல்வதே நேர்மை.

இதில் சட்டத்தின் ஓட்டை ஒன்றும் இருக்கிறது. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற காப்பு நம் சான்றுச் சட்டத்தில் உண்டு. துணைநிற்கும் ஆலோசகரிடம் சொன்னதற்கு அத்தகைய காப்பு இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், பயிற்சி பெற்ற ஆலோசகருக்கு அந்தக் காப்பைத் தன் சான்றுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 2025 சனவரியில் நம் சட்டமன்றம் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தியது. வரவேற்போம். ஆனால் தண்டனை, புகார் வந்த பிறகு வருவது. புகார் வர நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை வர மறைகாப்பு வேண்டும்.

'மறைத்து வைத்தால் குற்றவாளி தப்பிவிடுவான்' என்பார் சிலர். பொள்ளாச்சியே மறுமொழி. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அடையாளம் காக்கப்பட்ட நிலையில், மூடிய மன்றத்தில் பெண்கள் சாட்சியம் சொன்னார்கள். சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். அண்ணா பல்கலைக்கழக வழக்கிலும் 2025 சூன் 2 அன்று, 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் சிறை கிடைத்தது. பெயரைக் காத்ததால் நீதி தளரவில்லை, தழைத்தது.

'பொய்ப் புகார் பெருகிவிடும்' என்பார் வேறு சிலர். துணைநிற்பவர் தீர்ப்பளிப்பவர் அல்லர். விசாரணை குழுவின் வேலை. அங்கே இரு தரப்பும் பேசும். நோயாளியின் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரிடம், 'நோய் மெய்யா பொய்யா என்று நீயே சொல்' என எவரும் கேட்பதில்லையே!

படப்பை பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மண். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது சட்டமாக 1989வரை, அறுபதாண்டு பிடித்தது. இன்னோர் அறுபதாண்டு காத்திருக்க இன்றைய மாணவிக்குப் பொறுமை வேண்டியதில்லை, நமக்கும் கூடாது.

இளைஞனே! உன் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்று கேள். அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் யார் என்று கேள். சென்ற ஆண்டு எத்தனை புகார் என்று கேள். பெயரை மட்டும் கேளாதே! எவரேனும் உன்னை நம்பி வாய் திறந்தால், நான்கு காதம் கேட்கும் குரலை அடக்கி, இரண்டு செவிகளைக் கொடு. பூதங்களை ஒழிக்கப் புறப்பட்ட இயக்கத்தின் பிள்ளைக்கு இது பெரிய வேலையன்று, முதல் வேலை.