செம்மண் கொட்டகையில் துணிக்கூரை கார்: எது உதவுகிறது, எது கெடுக்கிறது?

ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய தகரக் கொட்டகைதான் சோதனைக்களம். கார், கறுப்புத் துணிக்கூரை போட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5. வார இறுதியில் போர்ட்டிக்சன் வரை ஓடும். மற்ற நாள்களில் கொட்டகையில் சும்மா நிற்கும். குலை ஏற்றிய லாரி மண்சடக்கில் போகும்போதெல்லாம் செம்புழுதி உள்ளே புகுந்து படியும். காற்று திரும்பினால் எண்ணெய் ஆலையின் கரியும் சேரும். அங்கே கொதிகலனில் எரிவது செம்பனை நாரும் ஓடும்தான்.

தரமான துணிக்கூரை பெரும்பாலும் மூன்று அடுக்கு: வெளியே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், உள்ளே மெல்லிய துணி. மழையைத் தடுத்து நிறுத்துவது நடுவிலுள்ள ரப்பர். வெளி நெசவில் இருக்கும் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்துவிட்டால் ஈரம் நூலுக்குள் இறங்கும், புழுதி அங்கேயே சேறாகும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே காய்ந்த தூசு மட்டும் பெரிய ஆபத்து இல்லை. அதோடு ஈரமோ உரசலோ சேரும்போதுதான் கூரை கெடுகிறது. ஒவ்வொரு பொருளையும் இந்தக் கணக்கில்தான் எடைபோட்டேன்.

உறை

பிளாஸ்டிக் உறை புழுதியை முழுக்க நிறுத்துகிறது. ஆனால் மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை அதைத் தூக்கிப் பார்த்தால் உட்புறம் வியர்த்திருக்கிறது. கூரையில் கைவைத்தால் சில்லிடுகிறது, லேசான முக்கல் வாடையும் வருகிறது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது ஆகவே ஆகாது.

கொட்டகைக்குள் போடுவதற்கென்று விற்கும் நெகிழ்துணி உறையில் காற்று போய்வரும். நுண்தூசு கொஞ்சம் கசிந்தாலும் கூரை உலர்ந்தே இருக்கிறது. ஆனால் போடுவதற்குமுன் கூரையைத் தூசு தட்டியாக வேண்டும். இல்லையென்றால் உறையே உப்புத்தாளாகிவிடும். எடுக்கும்போதும் தரதரவென்று இழுக்கக் கூடாது. முன்னும் பின்னுமாக நடுவை நோக்கி மடித்தால் வெளிப்பக்கப் புழுதி மடிப்புக்குள் அடங்கும்.

தூரிகையும் வாக்குவமும்

மிருதுவான குதிரைமுடித் தூரிகை நன்றாக வேலை செய்கிறது. தையல் ஓரங்களில்தான் செம்மண் கோடு கட்டி நிற்கும். தூரிகையால் ஒரே திசையில் கிளப்ப, பின்னாலேயே கையடக்க வாக்குவத்தால் இழுத்துவிட வேண்டும். வாக்குவம் இல்லாவிட்டால் தூசு இடம்தான் மாறும். துணி துவைக்கும் நைலான் பிரஷ் நெசவில் பிசிறு எழுப்புகிறது. ஒட்டும் ரோலர் பஞ்சு, முடிக்குச் சரி, மண்ணுக்கு உதவாது. பிளாஸ்டிக் பின்கண்ணாடி உள்ள பழைய மாடலில் அந்த இடத்தைக் காய்ந்தபடி துடைக்கவே கூடாது, கீறிவிடும்.

கழுவலும் பூச்சும்

தூசு தட்டியும் கறை போகாவிட்டால்தான் தண்ணீர். துணிக்கூரைக்கென்று விற்கும் திரவம், மென்மையான ஸ்பான்ஜ், மெதுவாக ஓடும் குழாய்நீர் போதும். உயர் அழுத்தக் குழாய் மண்ணை நெசவுக்குள் குத்தி இறக்கும். குளோரின் பிளீச் நூலையும் தையலையும் கெடுக்கும். காலையிலேயே கழுவிவிடுங்கள், பிற்பகல் இடிமழைக்குமுன் கூரை காய வேண்டும்.

303 ஃபேப்ரிக் கார்ட், ரேக்டாப் போன்ற நீர்விலக்கிகளை நன்கு காய்ந்த துணியில்தான் அடிக்க வேண்டும். கண்ணாடியையும் பெயின்ட்டையும் மூடிக்கொள்ளுங்கள், தெறித்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பூச்சு தேவையா என்று அறிய விரல்நுனியால் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் தேவையில்லை. ஊறி இருண்டால் நேரம் வந்துவிட்டது.

கவனிக்காமல் விடுவது

கூரையின் அடியோரத்தில் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. பக்கத்துப் பால்மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் சருகும் புழுதியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும்; அப்புறம் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இறங்கும். வாக்குவத்தை அங்கேயும் வையுங்கள்.

தீர்ப்பு

முதல் செலவு தூரிகைக்கும் வாக்குவத்துக்கும். அடுத்தது துணி உறை. நீர்விலக்கி, சொட்டுச் சோதனையில் தேறாத கூரைக்கு மட்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். நீண்ட நாள் நிறுத்துவதானால் கூரையை ஏற்றியே வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் மடிப்பில்தான் பூஞ்சணம் தொடங்கும். கொட்டகைத் தகரம் ஒழுகினால் இதில் எதையும் வாங்குமுன் அதை அடையுங்கள்.