பதினைந்தாவது ஆண்டு

முடா நீர்ப்பாசனத்தால் ஆண்டுக்கு இருபோகம் விளையும் பெண்டாங் வயல்வெளியில், வியாழன் இரவுகளில் கம்பத்துத் தொழுகையிடமாகிய சூராவிலிருந்து எழுந்து வரப்புகளைக் கடந்து வரும் யாசீன் ஓதலுக்குச் செவி பழகாத தமிழர் அரியர். கெடா மாநிலத்தார் அவ்வோதலை ஒரு கலையாகவே போற்றி வந்திருக்கின்றனர். 1915இல் திறக்கப்பெற்ற அலோர் ஸ்டார் ஜாஹிர் பள்ளிவாசல் மாநில ஓதற்போட்டிகளுக்குப் பெயர் பெற்றது. அந்நகரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராயிருந்தபோதுதான், 1961இல், பன்னாட்டுக் குர்ஆன் ஓதும் போட்டி கோலாலம்பூரில் தொடங்கிற்று. நடுவர்கள் அங்கே சீர்தூக்கிப் பார்ப்பவை உச்சரிப்பு, இராகம், குரல்வளம் ஆகிய செவிக்குரிய சௌந்தரியங்களே. செவி எளிதில் பற்றிக்கொள்ள இயலாத வேறோர் அழகும் அவ்வேதத்தில் உண்டு. வசனங்கள் தூரத்தே நின்று ஒன்றையொன்று எதிர்நோக்கும் அமைப்பின் அழகு அது.

மொழிபெயர்ப்பின் வாயிலாக முதன்முறை படிப்பவர்க்குக் குர்ஆன் கோவையற்றதாய்த் தோன்றுவதுண்டு. 1840இல் ஆற்றிய சொற்பொழிவில் நபிகளாரின் உள்ளத்து வாய்மையை வியந்து போற்றிய ஸ்காட்லாந்து எழுத்தாளர் கார்லைலும், நூலை மட்டும் குழப்பக் குவியல் என்றே சலித்துக்கொண்டார். ஆனால், அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முன்னரே அல்-பிகாஈ என்னும் அரபுப் பேரறிஞர், வசனத்துக்கும் வசனத்துக்கும், அத்தியாயத்துக்கும் அத்தியாயத்துக்கும் உள்ள இயைபினை ஆராய்ந்து பெருநூலொன்று இயற்றியிருந்தார். பின்னாளில், இந்தியாவின் ஆஸம்கர் மாவட்டத்தில் பிறந்த ஹமீதுத்தீன் ஃபராஹீ, ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு மையக்கருத்தைச் சுற்றியே இயங்குகிறது என்னும் கொள்கையை நிறுவினார். அவர் மாணாக்கர் அமீன் அஹ்சன் இஸ்லாஹீ, அதனை ஒன்பது தொகுதிகள் கொண்ட உருது விரிவுரையாக வளர்த்தார்.

இவ்வமைப்பினைச் சிற்றளவில் காண விழைவோர் ஆயத்துல் குர்ஸியைப் பார்க்கலாம். ஒன்பது வாக்கியங்களால் ஆன அவ்வொரு வசனத்தின் முதலிலும் ஈற்றிலும் இறைவனுடைய திருநாமங்கள் இரண்டிரண்டு நிற்கின்றன. அவனுக்கு உறக்கம் இல்லை என்னும் இரண்டாம் வாக்கியத்துக்கு, உலகங்களைக் காத்தல் அவனைக் களைப்புறச் செய்யாது என்னும் எட்டாவது விடையிறுக்கின்றது. வானமும் பூமியும் அவனுடையவை என்னும் மூன்றாவதை, அவ்விரண்டையும் அளாவிய ஆசனத்தைக் கூறும் ஏழாவது எதிர்கொள்கிறது. அவன் அனுமதியின்றிப் பரிந்துரைப்பார் இல்லை என்னும் நான்காவதும், அவன் நாடியதன்றி அவன் ஞானத்தில் எதையும் அறிவார் இல்லை என்னும் ஆறாவதும் இணையாகின்றன. நடுவே தனித்து நிற்கும் ஐந்தாவதோ, மாந்தர்க்கு முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் அவன் அறிவான் என்கிறது. முன்னும் பின்னும் சமனாய்ப் பிரியும் இடத்திலேயே முன்னையும் பின்னையும் பற்றிய பேச்சு வந்து அமர்ந்திருப்பது எத்துணை நுட்பம்!

பேரளவில் இவ்வழகின் சிகரம், 111 வசனங்கள் கொண்ட பன்னிரண்டாம் அத்தியாயமாகிய யூசுப். 1986இல் இதனை ஆராய்ந்த முஸ்தன்சிர் மீர், கதையின் முடிச்சுகள் விழுந்த வரிசைக்கு நேர்மாறான வரிசையில் அவிழ்வதை எடுத்துக்காட்டினார். யூசுபின் கனவு, சகோதரரின் சூழ்ச்சி, எஜமானியின் மோகம், நகரத்து மாதரின் வலை, சிறைவாசம், அரசனின் கனவு என்று முடிச்சுகள் அடுக்கடுக்காய் விழுகின்றன. பின்னர் அரசனின் கனவு விளங்குகிறது, சிறை திறக்கிறது, மாதர் உண்மை உரைக்கின்றனர், எஜமானி தன் குற்றம் ஒப்புகிறாள், சகோதரர் நாணித் தலைகுனிகின்றனர், முதற் கனவு பலிக்கின்றது. கனவு சொல்லப்பட்ட இடத்தில் இறைவனின் அறிவையும் ஞானத்தையும் குறித்த அவ்விரு திருநாமங்களே, அது பலித்த நூறாம் வசனத்தையும் முடித்துவைக்கின்றன. நம் அந்தாதி சொல்லால் தன் தொடக்கத்தைத் தொடும். மாலைமாற்று எழுத்தால் திரும்பி வரும். இங்கே திரும்பி வருவதோ மனிதர் வாழ்வு. பொய்க்குருதி தோய்ந்து தந்தையைக் கலங்கவைத்த சட்டை, பின்புறம் கிழிந்து யூசுபின் நிரபராதத்துக்குச் சாட்சியாகி, இறுதியில் அழுது அழுது ஒளியிழந்த அத்தந்தையின் கண்களுக்கே மருந்தாகிறது.

கதை திரும்பும் கணு அரசனின் கனவு. ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்றன. ஏழு கதிர்கள் பசுமையாயும் ஏனையவை உலர்ந்தும் இருந்தன. சிறையிலிருந்த யூசுப், ஏழாண்டு விதைத்து, அறுத்ததில் உண்பதற்குச் சிறிது போக எஞ்சியதைப் பின்வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளுக்காகக் கதிரிலேயே விட்டுவைக்குமாறு கூறுகிறார். அந்த யோசனையின் அருமையை, உதிர்த்த நெல்லில் வண்டு விழுவதைக் கண்டறிந்த பெண்டாங் விவசாயிக்கு விளக்க வேண்டுவதில்லை. ஏழும் ஏழும் பதினான்கு. கனவு அவ்வளவில் முடிந்தது. யூசுபோ நிறுத்தவில்லை. அதன்பின் மக்கள் மழை பெற்றுக் கனி பிழியும் ஓர் ஆண்டு வரும் என்கிறார். கனவில் அதற்கு அடையாளமே இல்லை. பசுவும் கதிரும் காட்டிய சமன் நிறைவெய்திய பின்னர், அதற்கு மேலாக ஒன்று அருளப்படுகிறது. இவ்வத்தியாயத்தின் வட்டத்தைத் திறக்கும் சாவி இந்தப் பதினைந்தாவது ஆண்டே என்பது என் எண்ணம்.

ஏனெனில், பின்பாதி முழுதும் சரிக்குச் சரி தீர்ப்பதோடு நிற்பதில்லை. சூழ்ச்சியால் யூசுபைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள் தானியம் வேண்டிக் கைகட்டி நிற்கையில், வட்டத்தின் நியாயம் தண்டனையைத்தான் கேட்கும்; அன்று அவர்கள்மேல் பழியேதும் இல்லை என்கிறார் யூசுப். தம்மைச் சிறையினின்றும் மீட்ட இறையருளை நன்றியோடு நினைவுகூர்பவர், சகோதரர் நாணுவர் என்றே கிணற்றைக் குறிப்பிடாமல் விட்டார் என விரிவுரையாளர் நயம் காண்பர். இவ்வத்தியாயம் மக்காவில், சொந்த குலத்தாரே நபிகளாரைத் துன்புறுத்திய காலத்தில் அருளப்பட்டது. 630இல் அந்நகரை வென்று நுழைந்தபோது, அக்குலத்தாரிடம் யூசுபின் மன்னிப்பு மொழியையே அவர் உரைத்தார் என்று சரித்திரகாரர் எழுதிவைத்திருக்கின்றனர். அமைப்பின் அழகென்பது எண்ணிக் கணக்கிட்டு மகிழ்வதற்கு மட்டுமே உரியது என்று கருதுவார்க்கு, இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுமோ?